பம்பருக்குள் ஐம்பத்தெட்டு டிகிரி

பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் இருந்த சின்னத் திரைக்கு அன்று உயிர் போகிற பயம். பட்டறைக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. திரையிலோ வெளி வெப்பம் ஐம்பத்தெட்டு டிகிரி. "வாயைத் திறந்தாலே பொய்! கழற்றிப் போடுங்கண்ணே" என்றார் ஓட்டுநர் மாயழகு. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார்.

திரை பதறிப்போய், முன் பம்பருக்குள் இருந்த சென்சாரைக் கூப்பிட்டது. "அக்கா, நீ சொல்றதைத்தானே நான் காட்டுறேன்! கொஞ்சம் குறைச்சுச் சொல்லேன்."

"ஆயுத பூஜைக்குப் போட்ட பூமாலை காத்தே விடாம என்னை மூடிக் கிடக்குடா தம்பி. இன்ஜின் சூட்டுல வேகுறேன். சுடலைன்னு எப்படிச் சொல்றது?"

நல்லவேளையாக, எதற்கும் முன்பக்கம் ஒரு பார்வை பார்க்கப் போன மெக்கானிக் அந்தக் காய்ந்த மாலையை அறுத்து எறிந்தார். காற்று புகுந்ததும் எண் மளமளவென்று இறங்கி இருபத்தாறில் நின்றது. திரைக்கு மூச்சு வந்தது.

வீண்பழி போட்டுவிட்டோமே என்று மாயழகுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கிவந்து, தட்டில் ஏற்றி, பம்பரை ஒட்டிப் பயபக்தியோடு காட்டினார்.

"அக்கா, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், இப்ப மட்டும் பேசாதே!" என்று கெஞ்சியது திரை.

சென்சார் நிஜமாகவே வருத்தப்பட்டது. பிறகு, "எழுபத்திரண்டுடா தம்பி" என்றது.