பல்லுக்கொழுக்கட்டைத் தீர்ப்பு

“செட்டை இன்னும் ஒட்டேல்லை. அதுக்குள்ள கனடாவுக்கு வெளிக்கிட்டாச்சோ?”

ஆரூரன் கேட்டதும், பிஸ்கற் பெட்டியில் செய்த விமானத்தை மடியில் வைத்திருந்த துஷாந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“முதல்ல உங்கட வள்ளத்தைப் பாருங்கோ. பாய்மரம் சரிஞ்சு கிடக்கு. இது குறிகட்டுவான் துறைக்கும் போய்ச் சேராது.”

கணவனின் கையில் சப்பாத்துப் பெட்டி வள்ளம். அதற்குப் பனையோலையில் பாய். வேப்பமர நிழலில் சாக்கு விரித்து, மாப்பசையும் கத்தரிக்கோலுமாக வீடே காலையிலிருந்து வேலையில் இருந்தது. ஆறு வயது மகள் பைரவிக்கு மூக்கிலும் பசை.

குழந்தை ஹரிஷனுக்கு முதற்பல் முளைத்துவிட்டது. பின்னேரம் பல்லுக்கொழுக்கட்டை. தலையில் வெள்ளைத் துணி போர்த்துக் கொழுக்கட்டை சொரிந்த பிறகு, பிள்ளைக்கு முன்னால் தாம்பாளத்தில் பொருள்களை வைப்பார்கள். எதைத் தூக்குகிறதோ, அந்த வழியில்தான் பிள்ளை போகும் என்பார்கள். மற்ற வீடுகளில் புத்தகம், பேனை, நகை என்று தாம்பாளம் நிறைந்திருக்கும்.

இந்த வீட்டில் இன்றைக்கு இரண்டே இரண்டு பொருள்கள். விமானத்தைத் தூக்கினால் குடும்பத்தோடு கனடா. வள்ளத்தைத் தூக்கினால் நெடுந்தீவிலேயே இருப்பது.

துஷாந்தியின் அண்ணன் கனடாவில் எல்லா ஒழுங்கும் செய்துவிட்டார். இன்று போன் எடுப்பார். முடிவு சொல்ல வேண்டும். துஷாந்திக்குப் போயே ஆகவேண்டும். ஆரூரனுக்கோ மாட்டையும் காணியையும் விட்டு அசைய மனமில்லை. சண்டை பிடித்துக் களைத்து, பிள்ளையே தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நடுவர், ஆரூரனின் அக்கா பவதாரணி.

“பிள்ளையைக் கூப்பிடக்கூடாது. கை காட்டக்கூடாது. ஆராவது கள்ள விளையாட்டு விளையாடி அளாப்பினியளோ, தெரியுந்தானே என்னை!” என்று மாவைக் குழைத்தபடி எச்சரித்தாள்.

“மச்சாள், தம்பியெண்டு அவற்ற பக்கம் சாயமாட்டியளோ?” என்றாள் துஷாந்தி.

“கனடா சொக்லேட் அனுப்புவியெண்டால் நான் உன்ர பக்கம்.”

“அக்கா!” என்று ஆரூரன் அலறினான்.

பசை காய்வதற்காக இரண்டையும் மாட்டுக்கொட்டிலின் தாழ்ந்த கூரையில் வெயிலில் வைத்தார்கள்.

மத்தியானம். கூரையடியில் நின்ற ஆரூரன், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதை உணர்ந்து திடுக்கிட்டுத் திரும்பினான். துஷாந்தி!

“நீர் எப்ப வந்தனீர்? வாற சத்தமே கேக்கேல்லை.”

“பிளேனில என்ன கை?”

“காஞ்சிட்டுதோ எண்டு பாத்தனான். நீர் ஏன் இஞ்ச வந்தனீர்?”

“நானும் காஞ்சிட்டுதோ எண்டுதான்.”

ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே விலகினார்கள்.

கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து பவதாரணியின் கூச்சல். கன்றுக்குட்டி உள்ளே புகுந்து, துருவி வைத்த தேங்காய்ப்பூவை நக்கிக்கொண்டிருந்தது.

“டேய் ஆரூரன்! உன்ர கண்டு பூனை மாதிரியெல்லோ வருது! ஒரு சத்தம் இல்லை!”

பின்னேரம் அயலட்டை எல்லாம் கூடிவிட்டது. ஹரிஷனின் தலையில் கொழுக்கட்டைகள் சொரிந்தன. உருண்டு ஓடியவற்றைப் பைரவி துரத்தித் துரத்திப் பிடித்தாள். அந்தச் சிரிப்புக்கும் ஆரவாரத்துக்கும் நடுவே தாம்பாளம் வந்து இறங்கியது.

“ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது!” என்றாள் பவதாரணி.

முற்றம் அடங்கியது. ஹரிஷன் தவழ்ந்து வந்தான். வள்ளத்தைப் பார்த்தான். ஆரூரன் எட்டிப் பார்த்தான். விமானத்தைப் பார்த்தான். துஷாந்தி கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஹரிஷன் ஒரு கையால் விமானத்தையும் மறு கையால் வள்ளத்தையும் பிடித்துத் தூக்கி, இரண்டையும் மோதினான்.

கிலுங்! சலுங்!

எல்லோரும் திகைத்தார்கள். ஹரிஷனுக்கு ஒரே சந்தோசம். மறுபடியும் மோதினான். கிலுங்! சலுங்!

“அளாப்பியள்!” பவதாரணி பாய்ந்து எழுந்தாள். “ரெண்டுக்குள்ளயும் ஏதோ கிலுங்குது! சத்தம் கேட்டால் பிள்ளை விடமாட்டான் எண்டு தெரிஞ்சு ஒளிச்சு வைச்சிருக்கிறியள்! அவளுக்குப் பிளேன், உனக்கு வள்ளம். நல்ல சோடியடா!”

கணவனும் மனைவியும் தலையைக் குனிந்தார்கள்.

“மாமி, கிழிக்காதேங்கோ! நான் ஒட்டினது!” என்று பைரவி கத்தக் கத்த, பவதாரணி இரண்டையும் பிய்த்தாள்.

வள்ளத்துக்குள்ளிருந்து விழுந்தது துஷாந்தியின் கொலுசு. விமானத்துக்குள்ளிருந்து விழுந்தது, ஆரூரனின் கன்றுக்குட்டி கழுத்தில் கிடந்த மணி.

“உமக்குப் போக ஆசையெண்டுதான்...” என்று ஆரூரன் இழுத்தான். “போவம். கனடாவுக்கே போவம்.”

“மாட்டை விட்டிட்டு உங்களால அங்க இருக்க ஏலாது. இஞ்சையே இருப்பம்.”

“போவமெண்டுறன்!”

“இருப்பமெண்டுறன்!”

போன் அடித்தது. பவதாரணிதான் எடுத்தாள்.

“அண்ணை, இஞ்ச இன்னும் சண்டை முடியேல்லை. ஆனால் ஆக்கள் பக்கம் மாறிட்டினம். ரெண்டாம் பல்லு முளைக்கட்டும், சொல்லுறம்.”