எட்டாம் பெட்டுக்கு யார்?

“எட்டாம் பெட்டுக்கு யார் வந்திருக்கீங்க?”

ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பாதி திறந்துகொண்டு நர்ஸ் இரண்டாவது முறையாகக் கேட்டாள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்தாள்.

எட்டாம் பெட்காரர் அவளுக்கு உறவில்லை. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். அவள் கணவன் படுத்திருந்த ஏழாம் பெட்டுக்குப் பக்கத்துப் படுக்கை. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, ஒரே டாக்டர். தம்பி வந்துவிடுவான் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் போனார்.

டாக்டர் வெளியே வந்தார். கையில் பச்சைத் துணி மூடிய எவர்சில்வர் தட்டு. அவளைக் கண்டதும் தயங்கினார்.

“அவருக்கு யாரும் வரல டாக்டர். என்கிட்ட சொல்லுங்க.”

யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும். துணியை விலக்கினார்.

இரைப்பையை வெட்டி விரித்து வைத்திருந்தார்கள். வெளிர்சிவப்பில் ஈரமான மடிப்புகள். நடுவே ஓரம் தடித்த ஒரு புண். பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஈரலின் ஒரு துண்டு. அதன் வெட்டுமுகத்தில் வெள்ளையாக ஒரு கட்டி.

இரைப்பையில் வந்த புற்று ஈரலில் இந்த ஒரே இடத்துக்குத்தான் பரவியிருந்தது என்றார் டாக்டர். மருந்து ஏற்றியதில் அதுவும் நன்றாகச் சுருங்கிவிட்டதாம். கண்ணுக்குத் தெரிந்தவரை எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. குடலை மேலே இழுத்து உணவுக்குழாயோடு சேர்த்திருக்கிறார்கள். இனி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும்.

அவள் குனிந்து பார்த்தாள். கூரியர் ஆபீசில் பார்சல்களுக்கு எடை போடுகிறவள். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ தேறாது என்று தோன்றியது. கட்டி எவ்வளவு பெரிது என்று கேட்டாள். கோலிக்குண்டு அளவு என்றார் டாக்டர்.

நர்ஸ் துணியைப் போட்டு மூட வந்தாள். அவள் நர்ஸிடம் இன்னும் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வார்டில் கணவன் விழித்திருந்தான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை போட்டிருந்த தையல்தான் அந்த வாயைக் கொஞ்சம் அடக்கி வைத்திருந்தது.

“எடுத்ததை வீட்டாளுங்ககிட்ட காட்டுவாங்களாமே. உனக்குக் காட்டலியா?”

நேற்றும் இதைத்தான் கேட்டான். நேற்று அவள் ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டாள்.

இன்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“காட்டினாங்க.”

மடிப்பு மடிப்பாக இருந்ததைச் சொன்னாள். புண்ணைச் சொன்னாள். ஈரலில் எடுத்த துண்டு எவ்வளவு என்று உள்ளங்கையில் கோடு இழுத்துக் காட்டினாள். எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டான். அதையும் சொன்னாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கேட்கக் கேட்க முகம் தெளிந்தது.

“அப்ப, இனிமே வயித்துப் பொழப்புக்கு ஓடறேன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது.”

சிரிக்கப் போனவன் வலி தாளாமல் தையலைக் கையால் பிடித்துக்கொண்டான். அவளும் சிரித்தாள். சற்று நேரத்தில் அவளுடைய விரல்களைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். இத்தனை நாளில் இப்படி அயர்ந்து தூங்கியதில்லை.

எட்டாம் பெட்காரருக்கு நினைவு திரும்பியதும் அவரிடமும் போய் இதையெல்லாம் சொல்ல வேண்டும். அது அவருடையதுதானே.

முந்தாநாள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் அவளிடம் வந்தபோது அவர் கையில் தட்டு எதுவும் இல்லை. ஈரல் முழுக்கப் பரவியிருக்கிறது, திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டோம் என்றார்.