சாதுவா, முரடா

கப்பி மீன் வேண்டாம் என்று ஏலக்காரர் தலையை இடமும் வலமும் அசைத்தார்.

சரியான பதில்தான். வீட்டுத் தொட்டியில் இருப்பது ஃபைட்டர். நீண்ட வாலும் பளபளப்புமாக எது எதிரே வந்தாலும், ஃபைட்டர் மீன் அதைத் தன்னோடு சண்டைக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். வண்ணமீன் கடைக்காரப் பெண் கைவலையோடு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.

டைகர் பார்ப். அதுவும் வேண்டாம். அதுவும் சரி. பார்ப் சும்மா இருக்காது. ஃபைட்டரின் துடுப்பைக் கடித்துக் கடித்துக் கந்தலாக்கிவிடும்.

தரை மணலைக் கிளறிக்கொண்டு தன் பாட்டில் திரிந்த கோரி மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேண்டும் என்று தலையாட்டினார். மேலே நீந்துகிறவன் கண்ணில் அதிகம் படாமல் அடியிலேயே பிழைத்துக்கொள்ளும் சாதி அது.

சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்ற மனைவி மெதுவாக மூச்சு விட்டாள். பரீட்சை எழுதுவது அவர். மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது அவள்.

மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் கூவியவர் அவர். விடியலிலிருந்து தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தாலும் வீட்டில் வாய் ஓயாது. கேட்க ஆள் இல்லாவிட்டால் மீனிடம் பேசுவார். பக்கவாதம் வந்தபோது வலது கை காலோடு பேச்சும் போனது. நினைவும் சேர்ந்து போயிருக்கிறதா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார் மருத்துவர்.

போகப்போக என்றால் எதுவரை என்று அவள் கேட்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒன்று சொன்னாள். அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்; எதையாவது அவரே முடிவு செய்யட்டும். அந்தச் சமயம் பார்த்து மனைவியின் தம்பி வீடு மாறினான். அவன் விட்டுப்போன பெரிய கண்ணாடித் தொட்டியில் மீனை மாற்றிவிட்டதும், ஏலக்காரர் இடது கையால் கண்ணாடியைத் தட்டினார். மீனைக் காட்டினார். பிறகு காலியாகக் கிடந்த மிச்ச இடத்தையெல்லாம் காட்டினார்.

துணைக்கு ஆள் வேண்டுமாம்.

அவளுக்கு அப்போதே மனதில் ஏதோ இடறியது. இவனுக்குத் துணையும் வேண்டாம், தொணதொணப்பும் வேண்டாம், ராஜா மாதிரி தனியா இருக்கட்டும் என்று சொன்னவரே அவர்தான். பட்டுத் தெரிந்துதான் சொன்னார். ஆசையாக வாங்கிவிட்ட நத்தையின் கொம்பு இரண்டையும் அந்த மீன் ஒரே நாளில் கடித்துத் துப்பியிருந்தது. ஏன்டா, அது உன் சொத்துல பங்கா கேட்டுச்சு என்று அதைத் திட்டித் தீர்த்தார்.

"ஐயா, இதையும் பாருங்க."

கடைக்காரப் பெண் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டினாள். உள்ளே மஞ்சள் நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

ஏலக்காரர் வேகவேகமாகத் தலையாட்டினார். வேண்டும்.

மனைவியின் விரல்கள் நாற்காலிப் பிடியில் இறுகின. அப்படியானால் கப்பியும் பார்ப்பும் குருட்டாம்போக்கில் சரியாக அமைந்தவைதானா?

"நத்தை போடலாம்க்கா. ஆனா அது மீனோட குணத்தைப் பொறுத்தது. உங்க மீன் எப்படி, சாதுவா, முரடா?"

பதில் சொல்லக் கூடாது என்பது அவளுக்கு மறந்துபோனது. "முரடு," என்றாள்.

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

அவள் அவர் காதருகே குனிந்தாள். "முரடுங்க. நத்தையை என்ன பண்ணுச்சுன்னு ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

மறுபடியும் இல்லை என்றே தலை அசைந்தது.

மருத்துவர் சொன்ன போகப்போக இந்த ஈரத் தரையில்தான் வந்து நிற்கிறது என்று நினைத்தாள்.

ஆனால் அவருக்குக் கோபம் வந்திருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. தொட்டிகளில் ஓடிய காற்றுக் குழாய்களின் குமிழிச் சத்தத்துக்கு நடுவே, நாக்கு எங்கோ மாட்டிக்கொண்டு இழுபட்டது.

"அது," என்றார்.

அவர் வாயிலிருந்து சொல் என்று ஒன்று வந்து மாதக்கணக்காகிறது.

"அது... முரடு." மூச்சு வாங்கினார். "இது... சாது."

கடைக்காரப் பெண் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தாள். "எத்தனை மீன்க்கா வச்சிருக்கீங்க?"

ஒன்றுதான். பழைய மீன் செத்துவிட்டது. அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, வீட்டுப் பக்கமே வராமல் அவளும் அங்கேயே கிடந்த நாட்களில், அது தண்ணீருக்கு மேல் வந்து மிதந்துவிட்டது. கடை கடையாக அலைந்து, ஊரின் மறுகோடியில் அதே கருநீலத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டாள். தம்பிக்குக்கூடத் தெரியாது. அவர் வீடு திரும்பியதும் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் தள்ளி, பாருங்க, உங்க ஆள் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கான் என்று காட்டினாள். அவர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், தலையாட்டினார். அதன் பிறகு காலையில் எழுந்ததும் அவள் காட்டுவாள், அவர் தலையாட்டுவார். ஒரு நாளும் தவறியதில்லை.

அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து, ஈரத்தைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

அவர் அவசரப்படவில்லை. அவளும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"வந்த... அன்னிக்கே."