சொன்னது சொன்னபடி

“கவர்மெண்டு உத்தியோகத்தை உதறிட்டு, நாப்பது வயசுல யாராச்சும் வக்கீலாக லோ படிக்கப் போவாங்களா மிஸ்? ரெண்டு சின்னப் பிள்ளைங்களை வேற வச்சிக்கிட்டு!”

கீழ்வீட்டு றோஸுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் அவளுடைய மாடி வீட்டுக்கு ஞானேஸ்வரி குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள். அந்த இரக்கமும் சேர்ந்து றோஸின் வாயை இன்னும் நீளமாக்கிவிட்டது.

ஞானேஸ்வரி பதினைந்து வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சொல்லுவாள். சொன்னது சொன்னபடி, ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

“மொழிபெயர்க்கிறவள் வாய் திறந்தால் மற்றவையின்ர பேச்சுத்தான் வரும், றோஸ். என்ர பேச்சை அங்க ஆரும் எழுத மாட்டினம்” என்றாள். “ஒரு தேயிலைத் தோட்டத்துப் பொம்பிளை ஆயுள் தண்டனையில மறியலில இருக்கிறாள். கொலை வழக்கு. அவளின்ர அப்பீல் வாறதுக்குள்ள நான் கறுப்புக் கோட்டுப் போட்டிட வேணும்.”

றோஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். “வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு சொல்லுவாங்க. அதுக்காக ஒரு கொலைகாரிக்கா இந்தப் பாடு?”

பதில் வருமுன் படிக்கட்டில் சத்தம் கேட்டது. சின்னவன் இரண்டு படி உருண்டிருந்தான். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் ஐந்து வயதுப் பெரியவள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“ஐயோ, கைய விட்டுட்டேனே! நாந்தான் தம்பியக் கொன்னுட்டேன்! நாந்தான் கொன்னுட்டேன்!”

றோஸ் சிரித்துவிட்டாள். “யாழ்ப்பாணத்து மிஸ் வளக்குற பிள்ளை, அழுகை மட்டும் நம்ம தோட்டப் பக்கத்து அழுகை!”

ஞானேஸ்வரி சிரிக்கவில்லை. பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு, “நீ கொல்லேல்லையம்மா, நீ கொல்லேல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு சிராய்ப்புக்கு இத்தனையா என்று றோஸ் வாயைப் பிளந்தாள்.

பிறகு நாலு வருடம். விடியற்காலை ரயிலில் கொழும்பு, அந்தியில் திரும்பிக் கண்டி. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது கோப்பைக்குப் பக்கத்தில் சாட்சியச் சட்டம் திறந்து கிடக்கும். ஒரு சோதனைக்கு முதல்நாள் சின்னவனுக்கு இழுப்பு வந்தது. அந்தப் பாடத்தில் தவறி, அழுது, மறுபடி எழுதினாள். திட்டிக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது றோஸ்தான்.

வக்கீலாகச் சத்தியப்பிரமாணம் செய்த மூன்றாம் நாள், மறியற்சாலைக் கம்பிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மூக்காயி. முப்பது வயதுக்காரிக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

“யாருங்கம்மா நீங்க? வக்கீல் வைக்க எனக்கு வக்கில்லைங்களே.”

“அதை யோசிக்காதேங்கோ. அண்டைக்கு நீதவானிட்ட என்ன சொன்னீங்கள்?”

“என்னத்த சொன்னேன்! காய்ச்சலோட படுத்திருந்த மனுசன, பேர் வெட்டிருவாங்க, கூலி போயிரும், மலைக்கு வேலைக்குப் போய்யான்னு சண்டை புடிச்சு வெரட்டி விட்டேன். தலை சுத்திக் கான் பள்ளத்துல விழுந்து, மண்டை ஒடைஞ்சு செத்துட்டாரு. சண்டைய லயத்துச் சனமே கேட்டிச்சு, பொலிஸ் என்னப் புடிச்சிட்டாங்க. கோர்ட்டுல ‘நாந்தான் அவரக் கொன்னுட்டேன்’னு அழுதேன். எங்க சனம் அப்புடித்தானம்மா அழும்? அங்க நின்ன ஒரு பொம்பள அத அப்புடியே சிங்களத்துல சொல்லிட்டா. குத்தத்த ஒத்துக்கிட்டேன்னு நீதவான் தொரை எழுதிக்கிட்டாரு.”

ஞானேஸ்வரியின் பேனா நின்றுவிட்டது.

“அவ மூஞ்சியக்கூட நான் நிமிந்து பாக்கல. அவ நாக்கு அழுகிப் போகணும்னு தெனம் காலையில மண்ணை வாரித் தூத்துறேன்.” மூக்காயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “தூத்தி முடிச்ச கையாலயே இன்னொருத்தியக் கும்புடுறேன். நாதியத்து நின்ன என் ரெண்டு பிள்ளைகளையும் யாரோ ஒரு புண்ணியவதி எடுத்து வளக்குறாளாம். எங்கன்னு தெரியல. அவ நல்லா இருக்கணும்.”

ஞானேஸ்வரி கோட்டுப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கம்பியோடு வைத்துப் பிடித்தாள். மாடிப் படிக்கட்டில் சின்னவன் சிரித்துக்கொண்டிருந்தான். பெரியவள் தம்பியின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

“நீங்கள் கும்பிடுறவள் நான்தான்” என்றாள். “நீங்கள் மண் அள்ளித் தூத்திச் சபிக்கிறவளும் நான்தான்.”