இரண்டு நிமிட வேலை

"விசாரணைன்னு பயந்துடாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்" என்றார் தலைமையகத்திலிருந்து வந்திருந்த தணிக்கை அதிகாரி. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னதும் தொண்ணூறு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

தொண்ணூறு என்பது ஆபீஸ் வைத்த பெயர். கிளவுடில் ஓடும் ஃபயர்வால்களின் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது அவர் வேலை. எதுவாவது தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டால் போதும், சாப்பாட்டில் கை வைத்தவனைக்கூட போனில் கூப்பிட்டு உயிரை எடுத்துவிடுவார். அவர் காவலில் இத்தனை வருஷத்தில் ஒரு டிஸ்க்கும் நிரம்பியதில்லை.

நேற்று நிரம்பிவிட்டது. அதுவும் ஓர் ஆஸ்பத்திரியின் ஃபயர்வால்.

வாசல் காவல்காரன் மாதிரி, உள்ளே வரும், வெளியே போகும் தகவல் எல்லாவற்றையும் அது லாக் என்ற பதிவேட்டில் எழுதிவைக்கும். எழுத இடமில்லாவிட்டால் எதையும் விடாது. காலை பதினொன்றுக்கு எல்லாம் நின்றுபோனது. எடுத்த ஸ்கேன்களை டாக்டர்களால் திறந்துகூடப் பார்க்க முடியவில்லை.

"காலைல எட்டு மணிக்கு எவ்ளோ இருந்துச்சு?"

"அறுபத்திரண்டு சதவீதம், மேடம்."

"மூணு மணி நேரத்துல நூறா?"

"யாரோ டெஸ்ட் பண்றதுக்காக விரிவான லாக்கை ஆன் பண்ணிட்டு, அணைக்க மறந்துட்டாங்க. அப்படி விட்டா மளமளன்னு ஏறிடும், மேடம். பத்து அம்பத்தெட்டுக்கு எனக்கு அலர்ட் வந்துச்சு. நான் போனைக் கையில எடுக்கறதுக்குள்ள நூறாயிடுச்சு."

"ஆன் பண்ணது யாரு?"

"பழைய லாக்ல பேர் இருந்திருக்கும்."

"அந்த லாக் எங்கே?"

"அழிச்சுட்டேன், மேடம்."

அறையிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருடன் தானாகவே வந்து மாட்டிக்கொண்டதில் எல்லோருக்கும் ஒரு திருப்தி.

"பேக்கப் எடுக்காம எதையும் அழிக்கக் கூடாதுன்னு விதி இருக்கே, தெரியாதா?"

"தெரியும். அந்த விதியை எழுதினதே நான்தான்."

"ரொம்ப நல்லாருக்கு! பேக்கப் எடுக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"நாப்பது நிமிஷம்."

"அழிக்க?"

"ரெண்டு நிமிஷம். உடனே எல்லாம் ஓட ஆரம்பிச்சுடும்."

"ஏற்கெனவே நின்னுபோனதுதானே, இன்னும் நாப்பது நிமிஷம் பொறுக்க முடியாத அளவுக்கு அதுல என்ன இருந்துச்சு? உங்க பேரா?"

"சத்தியமா இல்ல, மேடம். நான் ஆன் பண்ணவே இல்ல."

"அதை நிரூபிக்க ஒரே ஆதாரம் அந்த லாக்தான். அதைத்தான் நீங்க துடைச்சு வெச்சிருக்கீங்க."

தொண்ணூறு தலையை ஆட்டினார். உண்மைதானே.

"சரி, யாராவது அழிக்கச் சொன்னாங்களா?"

தொண்ணூறு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம். நானாத்தான் அழிச்சேன்."

அதிகாரி பக்கத்தில் இருந்த மேலாளர் பக்கம் திரும்பினார். "உங்க ஆளு. நீங்க என்ன சொல்றீங்க?"

மேலாளர் முகத்தில் இரண்டு நாள் தாடி. "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், மேடம். அவ்ளோ அவசரம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

தொண்ணூறு நிமிர்ந்து ஒரு தடவை அவரைப் பார்த்தார்.

மாலை நாலு மணிக்குக் கடிதம் கையில் கொடுத்தார்கள். ஆதாரத்தை அழித்த குற்றத்துக்காகப் பணிநீக்கம். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கணினித் திரையில் பச்சையும் மஞ்சளுமாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கக்கூட விடவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"வேலை போச்சு."

"நீங்க தப்புப் பண்ணலைன்னு எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா இன்னொரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். அவங்களே இப்ப நொந்துபோய்க் கிடக்கறாங்க."

"நம்ம குடும்பம் எங்கே நிக்குது? அம்பத்தோரு வயசுல உங்களுக்கு யாருங்க வேலை குடுப்பா? ஆதாரத்தை அழிச்சவர்னு பேர் வேற!"

"ஒருத்தரும் குடுக்க மாட்டாங்க" என்றார். அது அவருக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தார். படியில் இறங்கியவர்கள் எல்லாம் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். இவரிடம் நின்று பேசுவதை யாராவது பார்த்துவிட்டால்?

மேலாளர் லிஃப்டில் இறங்கினார்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்றாவது மாடி வார்டில், தலையில் கட்டோடு அவருடைய மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலை வண்டியிலிருந்து விழுந்தவள். ஸ்கேன் எடுத்தும் டாக்டர் அதைத் திறந்து பார்க்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றது அதே பதினொரு மணிக்குத்தான்.

மனைவி எழுந்து வந்தாள். அழுதழுது வீங்கிய முகத்தில் இன்றைக்குத்தான் கொஞ்சம் உயிர்.

"டாக்டர் இப்பத்தான் வந்துட்டுப் போனாரு. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா இவ நமக்கு இல்லைன்னுட்டாரு."

மேலாளர் மகளின் கையைத் தொட்டார். சூடாக இருந்தது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, நேத்து இங்கே நின்னுக்கிட்டு போன்ல அழுதீங்களே, 'பேக்கப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், எல்லாத்தையும் அழிச்சுடுங்க, என் பொண்ணு உள்ளே கிடக்கறா, என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்'னு... இன்னிக்கு அந்த மனுஷனைப் பாத்து ஒரு நன்றி சொன்னீங்களா?"