கிளம்ப நேரமாகும்

"மாமா, ரோட்டரை இங்கதான் வச்சேன். இப்போ காணோம்!"

"நல்லாப் பாருங்க மாப்பிள்ளை. துணிக்கு அடியில இருக்கும்."

"மூணு தடவை உதறிப் பார்த்துட்டேன்."

மருமகன் ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். திறந்திருந்த பானெட்டுக்குள் டார்ச் அடித்தான். மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். மாமனாரும் கூடவே குனிந்து தேடினார்.

கட்டைவிரல் அளவுதான் ரோட்டர். ஆனால் அது இல்லாவிட்டால் பிளக்குகளுக்கு மின்சாரம் போகாது. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. முப்பது வருடம் டாக்சி ஓட்டிய மாமனாருக்கு அது தெரியும். தெரிந்துதான் அதை எடுத்துத் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி மகளுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். துருப்பிடித்துக் கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கி வந்தாள். எஞ்சினைக் கழற்றி இறக்கி, அது இருந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புறா நிறத்தில் பெயின்ட் அடித்தாள். கழற்றிய ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எழுதிக் கட்டினாள். திரும்ப மாட்டுவதற்குள் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பதினோரு மாதமாகிறது. சனிக்கிழமை தவறாமல் மருமகன் வருகிறான். அவள் எழுதியதைப் படித்துப் படித்து இருவரும் மாட்டுகிறார்கள்.

டீயோடு வந்த மாமியாரைப் பார்த்து, "அத்தை, நீங்க எடுத்து வச்சீங்களா?" என்றான்.

"நான் ஏன் மாப்பிள்ளை எடுக்கப்போறேன்? போன வாரம் ரேடியேட்டர் மூடிக்கும் என்னைத்தான் கேட்டீங்க. அதுக்கு முந்தின வாரம் ஏதோ ஸ்பிரிங். அதைக் காதுல மாட்டிக்கிட்டு ஊர்வலமா போகப்போறேன்?"

டம்ளரை வைக்கக் குனிந்தவளின் கண்ணில், அருகருகே நின்ற இரண்டு கார்புரேட்டர்களின் சீட்டுகள் பட்டன. ஒன்றில் 'அம்மா'. இன்னொன்றில், மருமகனின் அம்மாவைச் சொல்லி, 'மாமியார்'. கீழே பொடி எழுத்தில், 'ரெண்டும் ஒரே அளவு மூச்சு விடணும். இல்லேன்னா வீடே ஆடும்.'

"எழுதி வச்சிருக்கிறதைப் பாரு, வாயாடி!"

"ஹாரனுக்கு நம்ம மாமா பேரு" என்றான் மருமகன். "'அப்பா. சத்தம் மட்டும்தான்.'"

"உங்களை மட்டும் விட்டாளா?" மாமனார் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சீட்டைத் திருப்பிப் பிடித்து வாசித்தார். "'இவர். கிளம்ப நேரமாகும். திட்டாதே, தட்டு.'"

மருமகன் சிரிக்கவில்லை. அவன் போன் அடித்தது.

"இல்லண்ணா... இன்னிக்கு முடிஞ்சிடும்னுதான் இருந்தேன். ஒரு சாமான் காணோம்... பழைய மாடல், புதுசு தேடிப் பிடிக்கவே ஒரு வாரம் ஆகும்... வண்டி ஸ்டார்ட் ஆனதும் வந்துடறேன்னு சொல்லியிருக்கேன்ல? சரி. சரிண்ணா."

போனை வைத்துவிட்டுக் காலடியில் கிடந்த ஸ்பானரை எடுத்தான். எதற்கென்று தெரியாததுபோல் அதைத் திரும்பக் கீழே வைத்தான்.

"அண்ணன் நச்சரிக்கிறான் மாமா. அவன் ஊர்லேயே வேலை, வீடு எல்லாம் பார்த்து வச்சுட்டானாம். 'இன்னும் அங்க உனக்கு என்ன இருக்கு'ன்னு கேக்கறான்."

"நியாயம்தானே" என்றார் மாமனார்.

அந்தக் கேள்விதான் அவரையும் அரித்துக்கொண்டிருந்தது. மகள் இல்லாத வீட்டில் மருமகனுக்கு என்ன வேலை? இந்த வண்டி ஓடிவிட்டால் சனிக்கிழமைகள் இல்லை. மாமா என்று கூப்பிட ஆள் இல்லை. மாப்பிள்ளை என்று அவர் கூப்பிடவும் யாரும் இல்லை. ஸ்பிரிங் தொலைந்ததில் ஒரு வாரம் கிடைத்தது. மூடி தொலைந்ததில் இன்னொரு வாரம். அதிர்ஷ்டம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். இன்றைக்கு எதுவும் தொலைகிற வழியாக இல்லை. அதனால்தான் அவரே கையை நீட்டிவிட்டார்.

"கையெல்லாம் கிரீஸ். கழுவிட்டு வந்து இன்னொரு தடவை தேடறேன்" என்று மருமகன் பின்பக்கக் குழாய்க்குப் போனான்.

மாமியார் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, அந்தப் புள்ளை முகத்தைப் பார்த்தீங்களா? நிக்கவும் முடியாம உக்காரவும் முடியாம தவிக்குது. நம்ம துக்கத்துல அதை எத்தனை நாள் கட்டிப் போடறது? சீக்கிரம் முடிச்சு அனுப்பி வைங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் பாக்கெட்டுக்குள் ரோட்டரைப் பிடித்தபடி நின்றார். சூடேறியிருந்தது. வயதுக்கு ஏற்ற காரியமா இது? வாழ வேண்டியவனை ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கால் நிறுத்தி வைப்பதா?

மருமகனின் டூல் பை பெஞ்சுக்கு அடியில் இருந்தது. அதன் அடியில் ரோட்டரைப் போட்டுவிடலாம். 'இதோ பாருங்க, பைக்குள்ளேயே விழுந்து கிடக்கு' என்றால் முடிந்தது. வெளியே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அவசரமாக ஜிப்பைத் திறந்து, ஸ்பானர்களை விலக்கிக் கையை விட்டார்.

துணியில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது. பிரித்தார்.

முந்தின வாரத்து ஸ்பிரிங். போன வாரத்து ரேடியேட்டர் மூடி. அவற்றோடு, இன்று இன்னும் யாருமே தேட ஆரம்பிக்காத நாலாம் நம்பர் பிளக் ஒயர், மகள் கட்டிய சீட்டோடு.

குழாய் நின்றது. "கிடைச்சுதா மாமா?"

துணியை முன்பு இருந்தபடியே சுற்றி வைத்து ஜிப்பை இழுத்தார். ரோட்டர் மறுபடி அவர் பாக்கெட்டுக்குள் போனது.

"இல்ல மாப்பிள்ளை!" என்று ஹாரன் மாதிரி கத்தினார். "அடுத்த சனிக்கிழமை வாங்க, சேர்ந்து தேடலாம்!"