பிரிக்காத சவுக்காரம்

"அங்கம்மா இனிமே சமையல்ல கை வைக்கக் கூடாது. இப்பவே வீட்டுக்கு அனுப்புங்க."

கோயில் தலைவர் லெட்சுமணன் இதை ரகசியமாகச் சொல்லவில்லை. அன்னதானச் சமையற்கட்டில், அத்தனை பெண்கள் முன்னாலும் சொன்னார். அங்கம்மா சாம்பார் அண்டா பக்கத்தில்தான் நின்றாள்.

சமையலுக்குப் பொறுப்பு யோகேஸ்வரி. "என்னாச்சு தலைவரே?"

"டாய்லெட்டுக்குப் போயிட்டுக் கை கழுவாம வந்து சாம்பார் கிண்டுறா. அவ வெளிய வந்ததும் நான் அவசரமா உள்ள போனேன். புதுச் சவுக்காரம் பெட்டியோட அப்படியே இருக்கு. பாத்துட்டு நேரா இங்கதான் வரேன். கோத்தா திங்கி ஊரே சாப்பிடப் போற சோறு லா."

அங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "பழசு தீந்துபோச்சுன்னு புதுசு வைக்கத்தான் போனேன் தலைவரே."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் ஒரு கதை சொல்லுவாங்க."

யோகேஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் அடுத்த திருவிழா வரைக்கும் அவள் தலைதான் உருளும்.

"அங்கம்மா, நீ கிளம்பு. அப்புறம் பேசலாம்."

"இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கோயிலுக்கு வருவேன்க்கா?"

அங்கம்மா செருப்பைத் தேடினாள்.

தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பஞ்சாமிர்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். வருஷா வருஷம் அவர் கைதான் பிசையும். வேறு யாரையும் கிட்டே விடமாட்டார்.

"சாமி காரியத்துக்குச் சுத்தம் முக்கியம்" என்றபடி முழங்கை வரைக்கும் இறக்கினார்.

யோகேஸ்வரி எதற்கும் ஒரு நடை போய்ப் பார்த்தாள். தலைவர் பொய் சொல்லவில்லை. குழாய் பக்கத்தில் பெட்டி. உள்ளே சவுக்காரம். மேலே ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியவில்லை.

பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"நான் சொன்னது சரிதானே?" தலைவர் பழத்தை நசுக்கிக்கொண்டே கேட்டார்.

"சரிதான்."

வாசல் வரை போய்விட்ட அங்கம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். பெட்டியைத் தொட்டி ஓரத்தில் வைத்தாள்.

"அவ சவுக்காரம் வைக்கப் போனா தலைவரே. நீங்க எதுக்குப் போனீங்க?"